பிள்ளை செய்ததை வீட்டுக்கு எப்படிச் சொல்வது? டெல்டா ஆசிரியர் முன் உள்ள வழிகள்

எட்டாம் வகுப்பில் ஒருவன், பக்கத்துப் பையனின் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் தூக்கி வாய்க்காலில் எறிந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் மதகில் தட்டி நின்றதால் கிடைத்துவிட்டது. வகுப்பாசிரியர் விசாரித்தாயிற்று, திட்டியாயிற்று. போன மாதமும் இவன் இதே மாதிரி ஒன்றைச் செய்திருக்கிறான். இனி வீட்டுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது. எப்படிச் சொல்வது? பெற்றோரைப் பள்ளிக்கு வரச் சொல்லலாம். தொலைபேசியில் பேசலாம். வாட்ஸ்அப்பில் எழுதலாம். நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லலாம். வீட்டுக்கே போகலாம். அடுத்த பெற்றோர் கூட்டம் வரை பொறுக்கலாம். ஆசிரியர் அறையில் இது ஒரு கேள்வியாகவே யாருக்கும் படுவதில்லை. கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதைச் செய்கிறோம். பெரும்பாலும் அது, "நாளைக்கு அப்பாவைக் கூட்டி வா" என்பதுதான்.

இந்த வழிகளை ஒப்பிட என்னிடம் ஒரே அளவுகோல் இருக்கிறது. செய்தி போய்ச் சேர்ந்த அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும்? பிள்ளைக்கு அடி விழுமா, தாய்க்குத் திட்டு விழுமா, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து "என்னடா நடந்தது?" என்று கேட்பார்களா, இல்லை செய்தியே வீட்டை எட்டாமல் பையனோடு நின்றுவிடுமா? ஆசிரியருக்கு எது சுலபம், எதற்கு எழுத்துச் சான்று மிஞ்சும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

சொல்ல வேண்டுமா என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் இல்லை. எட்டாம் வகுப்பு வரைக்குமான 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் முதலியவற்றைத் தெரிவிப்பதை ஆசிரியரின் கடமைகளில் சேர்த்திருக்கிறது. எந்த வழியில் என்பதை நம்மிடம் விட்டிருக்கிறது.

முதலில் பழகிய வழியைப் பார்ப்போம். வரவழைத்துப் பேசுவதில் பலம் உண்டு. முகம் பார்த்துப் பேசலாம். பையனையும் வைத்துக்கொண்டு நடந்ததை ஒரே முறை சொல்லிவிடலாம். வீட்டில் அவன் வேறு கதை சொல்ல இடம் இருக்காது. ஆனால் இதற்கு ஆகும் செலவு ஆசிரியரின் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் செலவழிப்பது அவர் அல்ல. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், மன்னார்குடிக்கோ பாபநாசத்துக்கோ ஒரு தாய் வந்துபோக டிக்கெட் செலவு இல்லை. போவது அன்றைய கூலி. நடவுக்கு ஆள் பேசிய நாளில் ஒருத்தி வராமல் போனால் அடுத்த நாள் அவளைக் கூப்பிட யோசிப்பார்கள். நூறு நாள் வேலை என்றால் அன்றைய வருகைப் பதிவு போய்விடும்.

வயலின் நாட்காட்டியும் பள்ளியின் நாட்காட்டியும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. பள்ளி திறப்பதும் ஜூனில்தான். குறுவை வேலையும் புது வகுப்பும் சேர்ந்தே தொடங்குகின்றன. காலாண்டுத் தேர்வு விடைத்தாளைத் திருத்திக் கொடுக்கும் நேரத்தில் சம்பா நடவு. பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு வைக்கும் ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை. அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வழக்கமாக எடுக்க மாட்டார்கள். ஆகவே களத்திலேயே காயவைத்து, குவியலுக்குக் காவலாக அப்பா அங்கேயே படுத்திருப்பார். அவரிடம் போய், "உங்கள் மகன் பெஞ்சில் பெயர் செதுக்கினான், நாளைக் காலை ஒன்பதரைக்கு வாருங்கள்" என்றால் எப்படி வருவார்? நாகப்பட்டினம் பக்கம் விசைப்படகில் கடலுக்குப் போகும் வீடுகளில் நிலைமை தலைகீழ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்பா கரையில் இருக்கிறார். அதில் பெரும்பகுதி நமக்குக் கோடை விடுமுறை. வராத பெற்றோரை உடனே அக்கறை இல்லாதவர் கணக்கில் எழுதிவிடுவது ஆசிரியர் அறையின் பழைய நோய்.

"அப்பா வந்தால்தான் உள்ளே விடுவேன்" என்ற நிபந்தனை இன்னும் மோசம். பையன் வீட்டில் சொல்லவே மாட்டான். காலையில் சீருடை போட்டுக்கொண்டு கிளம்புவான், மதகடியிலோ பேருந்து நிலையத்திலோ பொழுதைப் போக்குவான், நாலரை மணிக்குச் சாதுவாக வீடு திரும்புவான். ஒரு வாரம் இப்படிப் பழகிய பையனை மறுபடி வகுப்பில் உட்கார வைப்பது, முதலில் அவன் செய்த சேட்டையைத் திருத்துவதைவிடக் கடினம். கெட்டிக்காரப் பையன் என்றால் டீக்கடையிலிருந்து ஒரு "சித்தப்பா"வை அழைத்து வருவான். அவரும் தலைமையாசிரியர் முன் கைகட்டி நின்று, "இனிமேல் செய்ய மாட்டான் சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தன் பங்கைச் செய்துவிட்டுப் போவார்.

உண்மையான அப்பாவே வந்தாலும் நாம் அவரை நடத்தும் விதம் பெருமைப்படத் தக்கதாக இல்லை. அறை வாசலில் நிற்க வைக்கிறோம். போகிற வருகிற ஒவ்வோர் ஆசிரியரும், "இவனா? என் வகுப்பிலும் இப்படித்தான்" என்று ஆளுக்கொரு வரி சேர்த்துவிட்டுப் போகிறார்கள். அவமானத்தில் நிற்கும் மனிதருக்கு இரண்டு பதில்கள்தான் தெரியும். ஒன்று, அங்கேயே மகனை அறைவது. இன்னொன்று, தலைமுறைகளாகக் கேட்டுவரும் அந்த வசனம்: "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் சார்." உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்துவதையும் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. பெற்றோரே உரிமை கொடுத்தாலும் அது உரிமை ஆகாது.

அதனால் வரவழைப்பதை நான் சிலவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்: ஒரு பிள்ளைக்குக் காயம் ஏற்பட்டால், பையில் கத்தியோ பிளேடோ இருந்தால், வாயில் புகையிலைப் பொட்டலம் அடக்கியிருந்தால், ஒரே பிள்ளையைத் தேடித் தேடிச் சீண்டினால். அப்போதும் நாளைக் குறிக்கும் உரிமையைப் பெற்றோரிடம் விடலாம். நாற்காலி போடலாம். ஒரே ஒருவர் பேசலாம். சண்டை போட்டவர்கள் இரண்டு தெருவின் பிள்ளைகள் என்றால், இரண்டு வீட்டாரையும் ஒரே நேரத்தில் வரவழைக்கவே கூடாது. தெரு என்றால் இங்கே என்ன பொருள் என்று ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2023இல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறு வரைக்கும் பேசி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது சும்மா அல்ல. பள்ளி வாசலில் இரண்டு பக்கமும் ஆட்கள் கூடி நின்றுவிட்டால், அதற்குப் பிறகு அதைப் பிள்ளைகள் சண்டை என்று யாரும் சொல்ல முடியாது.

வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மழைக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை விட்டாரா, தேர்வு எத்தனை மணிக்கு, நாளைக்கு என்ன கொண்டு வர வேண்டும் என்பவற்றுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. பிள்ளையின் நடத்தை பற்றி ஒரு சொல்கூட அதில் வரக் கூடாது. பெயர் போடாமல், "இன்று சிலர் சண்டை போட்டார்கள், பெற்றோர் கவனிக்கவும்" என்று எழுதுவதும் அதே தப்புதான். பத்து நிமிடத்தில் பெயர்கள் வந்துவிடும். அடி வாங்கிய பையனின் மாமா குழுவில் இருப்பார். அவர் குரல் பதிவு போடுவார். அதற்கு இன்னொருவர் பதில் போடுவார். காலையில் பள்ளி திறப்பதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

தனிச்செய்தி அப்படி அல்ல. ஆனால் அதில் யாரும் யோசிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. கொரோனா காலத்தில் இணைய வகுப்புக்காகப் பல வீடுகள் கடன் வாங்கி ஸ்மார்ட்போன் வாங்கின. அந்தப் போன் பெயருக்கு அம்மாவுடையது, கையில் இருப்பது பிள்ளையிடம். நாம் எழுதியதை முதலில் படிப்பவன் யாரைப் பற்றி எழுதினோமோ அவன்தான். படிக்கிறான், அழிக்கிறான். இந்தப் பக்கம் நீல டிக் விழுந்துவிட்டதே, அம்மா பார்த்துவிட்டார் என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாகப் போகச் செய்யும் பிராட்காஸ்ட் வசதியை நம்புகிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை: உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். எந்த வீட்டோடு நமக்குத் தொடர்பு குறைவோ, அந்த வீட்டுக்குத்தான் அது போகாது.

எழுத்து படிக்கத் தெரியாத பெற்றோருக்குக் குரல் பதிவு உதவும். ஆனால் கோபமாக இருக்கும்போது பதிவு செய்யாதீர்கள். வாயால் சொன்ன கோபம் அன்றோடு போய்விடும். பதிவான கோபத்தைச் சித்தி, பெரியம்மா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

தனிச்செய்தி என்றதும் டெல்டாவில் இன்னொரு நிலைமையைச் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டங்களில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் அப்பாக்கள் நிறைய. வகுப்பேட்டில் இருப்பது சில வேளை அந்த அப்பாவின் வெளிநாட்டு எண்ணே. அவர் உடனே பதில் போடுவார், மரியாதையாகப் பேசுவார், "நீங்கள் சொன்னால் சரி சார்" என்பார். ஆசிரியருக்கு இதைவிட நல்ல பெற்றோர் கிடைக்க மாட்டார். ஆனால் அந்தச் செய்தி அங்கே என்ன செய்கிறது? நாம் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பினால் சிங்கப்பூரில் பதினொன்றரை. நாள் முழுக்க உழைத்துவிட்டு விடுதிக் கட்டிலில் படுத்திருப்பவர் அதைப் படிக்கிறார். பையனின் தோளில் கை போட அவரால் முடியாது, நாளைக்குப் பள்ளிக்கு வரவும் முடியாது. முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குப் போன் போடுவது. "மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன், இருக்கிற ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியவில்லையா உனக்கு?" பையன் எறிந்த பாத்திரம் அம்மாவின் தலையில் வந்து விழுகிறது. பக்கத்து அறையில் மாமியாரும் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த முறை பள்ளியிலிருந்து எது வந்தாலும் அந்த அம்மா மறைப்பார். மறைப்பதில் பையனும் அம்மாவும் ஒரு கட்சி ஆகிவிடுவார்கள். அதன் பிறகு அந்த வீட்டின் கதவு நமக்குத் திறக்காது.

இப்படிப்பட்ட வீடுகளில் முதலில் பேச வேண்டியது அம்மாவிடம்தான். அவர் இல்லை என்றால் வளர்க்கிற பாட்டியிடம். "அவரிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா, இப்போதைக்கு வேண்டாமா?" என்று கேட்டு, அவர் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு எண்ணுக்கு நல்ல செய்தியை அனுப்பலாம். பையன் வரைந்த ஒரு படம், கபடியில் பாயிண்ட் எடுத்தது, கணக்கில் ஐந்து மதிப்பெண் கூடியது. தூரத்தில் இருப்பவருக்குச் செய்ய முடிந்த வேலை மகனைப் பாராட்டுவது; அதற்கு வேண்டிய சரக்கை நாம் கொடுக்கலாம்.

இனி தொலைபேசி. எல்லாவற்றையும் தட்டிப் பார்த்த பின் அன்றாட விஷயங்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். செலவு இல்லை, கூலி போகாது, மூன்றாம் ஆள் கேட்பதில்லை, பேசும்போதே அந்தப் பக்கத்தின் குரலை வைத்து நம் பேச்சை மாற்றிக்கொள்ளலாம். பட்டன் போனுக்கும் போகும். ஆனால் எப்போது, யாரிடம், எந்த வரியில் தொடங்குவது என்பதில் எல்லாம் இருக்கிறது.

பகல் பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தால் களை எடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்கு முதலில் தோன்றுவது விபத்து. குளத்தில் விழுந்துவிட்டானா, பஸ்ஸில் அடிபட்டானா? அந்தப் பதற்றத்தில் நாம் பாத்திரக் கதையைச் சொன்னால், பயம் அப்படியே கோபமாக மாறும். ஆகவே முதல் வரி: "வணக்கம் அம்மா, பள்ளியிலிருந்து பேசுகிறேன். தம்பி நன்றாக இருக்கிறான், பயப்பட ஒன்றும் இல்லை." இரண்டாவது, நடந்தது மட்டும். "உங்கள் பையன் முரடன்" என்பது நடந்தது அல்ல, நம் தீர்ப்பு. "மதியம் சாப்பிடும் நேரத்தில் பக்கத்துப் பையனின் பாத்திரத்தை வாய்க்காலில் எறிந்துவிட்டான், போன மாதமும் ஒரு முறை செய்தான்" என்பது நடந்தது. மூன்றாவது, பள்ளியில் என்ன செய்தோம். "இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன்." நான்காவது ஒரு கேள்வி: "வீட்டில் எப்படி இருக்கிறான் அம்மா? அண்மையில் ஏதாவது மாறியிருக்கிறதா?" விஷயமே இங்கேதான் திறக்கும். அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்பதோ, தாத்தா இறந்தது என்பதோ, இரவு போனை வைத்துக்கொண்டு தூங்குவதில்லை என்பதோ இந்தக் கேள்விக்குத்தான் பதிலாக வரும். கடைசி வரியைக் கேட்டே ஆக வேண்டும்: "இதற்காக அவனை அடிக்க வேண்டாம் அம்மா. நீங்கள் கேட்டதாகத் தெரிந்தால் போதும்."

நேரம் மாலை ஆறரைக்கு மேல், எட்டுக்குள். அதற்கு முன்னால் வேலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பின்னால், சில வீடுகளில் அப்பா கடையிலிருந்து குடித்துவிட்டு வந்திருப்பார். அந்த நேரத்தில் போய்ச் சேரும் புகார் பையனின் முதுகில்தான் இறங்கும்.

தொலைபேசிக்கு ஆராய்ச்சித் துணையும் இருக்கிறது, அமெரிக்காவில் நடந்தது என்றாலும். மாத்யூ கிராஃப்ட், ஷான் டௌகர்ட்டி இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டனில் ஒரு கோடைகால வகுப்பில் ஆசிரியர்கள் தினமும் வீட்டுக்குப் போனும் எழுத்துச் செய்தியும் அனுப்பினார்கள். வீட்டுப்பாடம் முடித்து வருவதற்கான வாய்ப்பு விகிதம் 40 சதவீதம் கூடியது, வகுப்பில் பிள்ளையைக் கண்டித்துத் திருப்ப வேண்டிய தருணங்கள் 25 சதவீதம் குறைந்தன. தினமும் பேச நம்மால் முடியாது. உயர்தொடக்க வகுப்புக்கு ஆசிரியருக்கு 35 மாணவர் என்று சட்டம் சொல்கிறது. உயர்நிலைப் பள்ளியில் பல பிரிவுகளுக்குப் போகும் பாட ஆசிரியருக்கு அந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். அதே கிராஃப்ட், டாட் ராஜர்ஸுடன் சேர்ந்து செய்து 2015இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு நமக்கு நெருக்கமானது. வாரம் ஒரு வரி, அவ்வளவுதான். தேர்ச்சிக்குரிய மதிப்பைப் பெறாமல் போகும் மாணவர்களின் விகிதம் அதிலேயே 41 சதவீதம் குறைந்தது. "நன்றாகச் செய்கிறான்" என்ற வரியைவிட, "இந்த வாரம் இதைச் சரிசெய்ய வேண்டும்" என்ற வரி அதிகம் வேலை செய்தது என்பது கவனிக்கத் தக்கது. புகழ்ந்தால் போதும் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதை நான் முழுவதும் ஏற்காததற்கு இதுவும் காரணம். முதல் போன் நல்ல செய்தியாக இருக்கட்டும், கதவு திறக்கும். திறந்த கதவு வழியாகத் தெளிவான ஒரு வேலையைச் சொல்ல வேண்டும்.

நோட்டில் எழுதி அனுப்பும் வழியைத் தனியார் பள்ளிகள் அச்சடித்த டைரியாக வைத்திருக்கின்றன; அரசுப் பள்ளியில் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கம். "வகுப்பில் பேசுகிறான். பெற்றோர் கையொப்பம்." இதற்கு வரும் கையெழுத்துகளில் அக்காவுடையது எத்தனை, இடது கையால் அவனே போட்டது எத்தனை என்று பிரித்துப் பார்க்கும் வேலைக்கு ஆசிரியர் போகாமல் இருப்பது நல்லது. புகார்க் கடிதத்தைப் புகாருக்கு உள்ளானவனிடமே கொடுத்து அனுப்பினால் வேறு என்ன நடக்கும்?

ஆனால் இதே வழியைத் திருப்பிப் போட்டால் அருமையான கருவி. கவனக்குறைவும் துடிதுடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கு நடத்தைச் சிகிச்சையில் பயன்படும் தினசரி அட்டை அது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் பெல்ஹாம் போன்றவர்கள் நீண்ட காலம் ஆராய்ந்து பரப்பியது. நம் ஊர்ச் செய்முறை எளிது. அஞ்சலட்டை அளவுக்கு ஒரு துண்டு அட்டை. அதில் மூன்று வரிசை: மணி அடித்ததும் இடத்தில் உட்கார்ந்தான், யார் மேலும் கை வைக்கவில்லை, வீட்டுப்பாடம் காட்டினான். எதிரே பாடவேளைக்கு ஒரு கட்டம். செய்திருந்தால் ஆசிரியர் டிக் போடுவார். செய்யாவிட்டால் வெறும் கட்டம், சிவப்புப் பேனா கிடையாது. பையன் அதை ஒளிக்க மாட்டான், ஏனென்றால் அதில் அவன் காட்ட விரும்புவது இருக்கிறது. எழுத்துத் தெரியாத பாட்டியும் டிக்கை எண்ணுவார். நேற்று ஒன்பது, இன்று பதினொன்று. பதினைந்தைத் தொட்டால் ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என்று வீட்டிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். வகுப்பு முழுவதற்கும் இதைச் செய்ய முடியாது. ஒரு நேரத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் செய்யலாம், திரும்பத் திரும்பச் சிறு சேட்டை செய்கிறவர்களுக்கு. பாத்திரம் எறிந்தவனுக்கு ஒரு போனுக்குப் பிறகு நான் கொடுப்பது இதைத்தான்.

வீட்டுக்குப் போவது எல்லா வழிகளிலும் பலமானது, எல்லாவற்றிலும் ஆபத்தானதும்கூட. ஆசிரியர் தெருவுக்குள் நுழைந்தாலே செய்தி. "சார் வந்திருக்கிறாரே, என்ன ஆயிற்று?" என்று நாலு வீடு எட்டிப் பார்க்கும். முதல் முறை போவதே புகாரோடு என்றால், அந்தப் பிள்ளைக்குத் தெருவில் பெயர் வைத்துவிட்டு வருகிறோம். அதனால் இது குற்றம் நடந்த பிறகு எடுக்கும் வழியாக இல்லாமல், ஆண்டின் தொடக்கத்திலேயே சும்மா போய்வரும் வழியாக இருப்பதுதான் சரி. அப்படிப் போகும்போது எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். ஊர்த்தெருவில் நாலு வீட்டுக்குப் போய்விட்டு, காலனிப் பிள்ளைகளுக்கு மட்டும் "அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொல்" என்றால், அதன் பொருள் பிள்ளைகளுக்கு நம்மைவிட முன்பே புரியும். போன இடத்தில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடிக்க வேண்டும். "இப்போதுதான் குடித்தேன்" என்று சொல்லிச் செம்பைத் தொடாமல் வந்த ஆசிரியர், அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் நடத்தையைப் பற்றி என்ன சொன்னாலும் அந்த வீட்டில் எடுபடாது.

சில வீடுகளில் இது சுலபமும்கூட. திருபுவனத்தில் பட்டு நெய்கிறவர் தறியை விட்டு எழுந்து பள்ளிக்கு வந்தால் வேலை நின்றுவிடும். நாம் போனால் நெய்தபடியே பேசுவார், பிள்ளை பக்கத்தில் நூல் இழை எடுத்துக் கொடுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். நீண்ட நாள் வராத பிள்ளைக்கும், திடீரென்று யாருடனும் பேசாமல் ஒடுங்கிப்போன பிள்ளைக்கும் போன் போதாது, வீட்டுக்குத்தான் போக வேண்டும். தனியாகப் போகத் தயங்கும் ஆசிரியைகள் இன்னோர் ஆசிரியையை அழைத்துக்கொள்ளட்டும். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரை அழைத்துப் போவதை நான் தவிர்ப்பேன். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டத்தின் நல்ல ஏற்பாடு; கழிப்பறைக்கும் சுற்றுச்சுவருக்கும் அவர்கள்தான் போராட வேண்டும். ஆனால் அதே தெருவில் குடியிருப்பவர் முன்னால் ஒரு பிள்ளையின் தவற்றைப் பேசக் கூடாது.

பெற்றோர் கூட்டத்தில் நடத்தையைப் பேசுவது வீண். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் வருவார்கள், வரிசையில் பின்னால் நிற்பவர் எல்லாவற்றையும் கேட்பார்.

இனி, எந்த வழியிலும் சொல்லக் கூடாதவை. ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் நோட்டுக்குள் ஒரு கடிதம் கிடைக்கிறது. பல ஆசிரியர்களின் கை உடனே போனுக்குத்தான் போகும். "நாளைக்கு ஏதாவது ஆனால் நம்மைக் கேட்பார்கள்" என்ற பயம். என் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். அன்று இரவு அந்த வீட்டில் அடி விழும், அடுத்த நாள் பள்ளி நிற்கும், அடுத்த வாரம் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாது என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் பாடத்தில் நடத்துகிறோம். அந்தத் திருமணத்துக்கு முதல் படியை நம் போன் போட்டுவிடக் கூடாது. வயதில் மூத்த ஆள் இதில் இருக்கிறானா, புகைப்படத்தைக் காட்டி மிரட்டுகிறானா, பெண் பள்ளிக்கென்று கிளம்பி வேறு எங்காவது போகிறாளா என்பவற்றை, அவள் நம்பும் ஓர் ஆசிரியை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இருந்தால் வீட்டுக்கும் சொல்ல வேண்டும், சட்டத்துக்கும் சொல்ல வேண்டும். வெறும் கடிதம் என்றால் அந்த ஆசிரியையின் பேச்சோடு அது நிற்கட்டும். பெற்றோரிடம் மறைப்பது துரோகம் என்று சொல்லும் சக ஆசிரியர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. படிப்பு நின்றுபோன பெண்ணுக்கு அந்த நியாயம் எதைத் திருப்பிக் கொடுக்கும் என்பதற்குத்தான் அவர்களிடம் பதில் இல்லை.

பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையைச் சொல்லிவிட்டால், வழிகளை ஒப்பிடும் வேலையே இல்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். தொல்லை கொடுத்தவர் வீட்டிலேயே இருக்கக்கூடும் என்பதை மறந்து, வழக்கம்போல அப்பாவுக்குப் போன் போட்டுவிடக் கூடாது.

மேலே சொன்ன எதுவும் நடக்க வேண்டும் என்றால் ஜூன் மாதத்தில் ஒரு வேலை இருக்கிறது. மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்து வைக்கும் எமிஸ் தளத்தில் பெற்றோர் எண் பதிவாகியிருக்கும், ஆனால் அது யாருடைய எண் என்று அங்கே தெரியாது. சேர்க்கைக்கு வந்த மாமாவுடையதாக இருக்கும், பழைய சிம்மாக இருக்கும். வகுப்பாசிரியர் தனக்கென்று ஒரு நோட்டுப் போட்டுக்கொள்ளலாம். பிள்ளையின் பெயருக்கு எதிரே: யாருடைய எண், எத்தனை மணிக்கு எடுப்பார், வாட்ஸ்அப் உண்டா, அந்தப் போன் இரவில் யார் கையில் இருக்கும், எழுத்து படிப்பாரா. கடைசியாக ஒரு பத்தி, "யாரிடம் சொல்லக் கூடாது" என்று. முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்டு நிரப்ப முடியாது. இரண்டு மூன்று நல்ல போன்களுக்குப் பிறகு அம்மாக்களே சொல்வார்கள். அதை மேசை இழுப்பறையில் பூட்டி வையுங்கள். பையன்கள் அந்த நோட்டையும் தேடுவார்கள்.